வேரா வகுப்பிலிருந்து வந்த பாடங்கள்

செவ்வாய் கிரகம், கிழக்குக் குடியிருப்புப் பள்ளி. எழுதுவது மொழி ஆசிரியை ரெஜினா. யார் கையில் கிடைத்தாலும் படிக்கவும்.

நாள் 212, காலை 9:10

புழுதிப்புயல். ரேடியோ போய்விட்டது. மேற்குக் குடியிருப்போடு மிச்சமிருப்பது மண்ணுக்கடியில் ஓடும் பாடக் கேபிள் மட்டும். அங்கே ரஷ்ய ஆசிரியை வேராவின் வகுப்பில் பேசுவதைப் பாடப்பெட்டி கேட்டு, ரஷ்ய உரையாடலாக்கி, மறுநாள் எங்கள் ஹெட்செட்டுக்கு அனுப்பும். எங்கள் பேச்சு அங்கே தமிழ்ப்பாடமாகும். நேரடியாகப் பேச வழியில்லை. வேராவை நான் பார்த்ததில்லை. இரண்டு வருடமாகக் குரல்தான் பழக்கம். இன்றைய பாடம்: சூப் பரிமாறுதல். பிள்ளைகள் எல்லோரும் தேறினார்கள்.

நாள் 213, காலை 9:30

பாடம்: "ம்னே ஹோலத்னோ." எனக்குக் குளிருகிறது. பிள்ளைகள் பொய்யாக நடுங்கிச் சிரித்தார்கள். நவீதா மட்டும் சிரிக்கவில்லை.

"டீச்சர், இதுல பேசுற பையன் நெசமாவே நடுங்குதான்."

நாள் 214, காலை 9:15

பாடத்தின் தலைப்பு: உதவி கேட்டல். "கதவைத் திறங்கள். காற்று போதவில்லை." இரண்டாம் குரல் வேராவுடையது. மூச்சு வாங்கி, நிறுத்தி நிறுத்தி, பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். எங்கள் பிள்ளைகள் அதை உச்சரிப்புப் பிசகாமல் திருப்பிச் சொல்கிறார்கள். வகுப்பை நிறுத்தி, வண்டியோட்டி சுடலைமணியிடம் ஓடினேன்.

"இந்தப் புயல்ல எறங்குனா நாமளும் திரும்ப மாட்டோம் டீச்சர்."

"அங்க இருக்கிறது பிள்ளைங்க அண்ணாச்சி."

"அது தெரியாமலா? கொஞ்சம் அடங்கட்டும். மொத வண்டி என்னுது."

திரும்பி வந்து பிள்ளைகளை உட்கார வைத்தேன். எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னோம், பெட்டி அதைப் பாடமாக்கும் என்று நம்பி: "வர்றோம். கதவுகிட்ட இருங்க."

நாள் 215, காலை 9:05

பதில் வந்துவிட்டது! வேரா, பின்னால் அவள் பிள்ளைகள், சுத்தமான தமிழில்: "வர்றோம். கதவுகிட்ட இருங்க." வகுப்பே கத்திக் குதித்தது. புயல் தணிகிறது. சுடலை அண்ணாச்சியும் டாக்டரும் நானும் கிளம்புகிறோம்.

நாள் 216, மாலை 4:40

வகுப்பறைக் கதவை அறுத்துத் திறந்தோம். யாரும் கதவருகே இல்லை. மூலையில் வேராவைச் சுற்றி ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள். மூன்று நாளாகிவிட்டது என்றார் டாக்டர். நாங்கள் "வர்றோம்" என்று சொன்னதற்கு முந்தின நாளே.

சுடலை அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அந்த அறையில் பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. யாராவது வகுப்புக்கு வராவிட்டால், உரையாடல் அறுந்துபோகாமல் அவர் குரலிலேயே பெட்டி பதில் சொல்லும். நல்ல வசதி என்று நானே பிள்ளைகளிடம் மெச்சியிருக்கிறேன். நேற்றுப் பதில் ஒரு நாள் முந்தியே வந்ததை நான் யோசிக்கவில்லை.

பெட்டியை அணைத்தேன். பச்சை விளக்கும் அணைந்தது.

நாள் 218, காலை 9:00

பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் வகுப்புக்குப் போனேன். அதற்குள் ஹெட்செட் மாட்டியிருந்தார்கள். புதுப்பாடம். வேராவின் குரல், தமிழில், இளைப்பில்லாமல்: "நாங்க எல்லாரும் வெளிய வந்துட்டோம். நீங்களும் வாங்க."

கேபிளை வெட்டினேன்.

9:20

வெட்டிய நுனி என் கையில்தான் இருக்கிறது. பிள்ளைகள் இன்னும் தலையாட்டுகிறார்கள். நான் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தேன், வேரா டீச்சர் இனிமேல்...

நவீதா உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க டீச்சர். அவங்க சொல்றது கேக்கல."