ஒன்பதாம் கட்டில்

ஏப்ரல் 8, 2025

மே பன்னிரண்டு, செவிலியர் தினத்துக்கு நர்சிங் கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ‘வேலைக்கு வரப்போகும் தங்கைகளுக்கு’ என்று தலைப்பு. சாஜிதாவிடம் சொன்னேன். “ஒனக்குத் தலைப்பே வேண்டாம்ட்டி, மைக்கைக் குடுத்தாப் போதும்” என்று ஒரே சிரிப்பு. கூடப் படித்தவள், பத்து வருஷமாக ஒரே வார்டில் வேலை. என் புத்திமதிகளை அதிகம் தாங்கியவள் அவள்தான்.

ஜூனில் என்னை வார்டு இன்சார்ஜ் ஆக்கப்போவதாகப் பேச்சு. வீட்டுக்காரருக்கு வாரம் மூன்று டயாலிசிஸ் இங்கேயே, ஸ்டாஃப் சலுகையில் நடக்கிறது. இன்சார்ஜ் ஆகிவிட்டால் அதுவும் நிலைக்கும். ஆக வேண்டும்.

ஏப்ரல் 11

வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆறாம் கட்டில் வெள்ளைத்தாயம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஒன்பதாம் கட்டிலுக்கு மேலேதான் ஃபேன் ஒழுங்காகச் சுற்றும், அங்கே மாற்றிவிடுங்கள் என்று அவர் மகன் இசக்கியப்பன் கெஞ்சினார். ஒன்பதில் இருந்த பெண்ணும் சரியென்றாள். இரண்டு பேரையும் மாற்றிப் படுக்க வைத்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டூட்டி முடிந்ததும் ரெண்டு பத்து பஸ்ஸைப் பிடிக்க ஓட்டமாக ஓடினேன்.

ஏப்ரல் 12

நேற்று நான் கிளம்பி வந்த பிறகு சாஜிதா டூட்டி. சாயங்காலம் ஒன்பதாம் கட்டிலுக்கு எழுதியிருந்த ஊசியை, ஒன்பதாம் கட்டிலில் படுத்திருந்தவருக்குப் போட்டிருக்கிறாள். அங்கே படுத்திருந்தது வெள்ளைத்தாயம்மா. அந்த மருந்து அவருக்கு ஆகாது. கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. ஆனால் அந்தக் கேஸ் ஷீட் ஆறாம் கட்டிலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஆளை மாற்றினேன், ஷீட்டை மாற்றவில்லை.

எங்கள் வார்டில் நோயாளிக்குப் பேரே கிடையாது. ‘ஒன்பதுக்கு ஊசி, ஆறுக்கு டிரிப்ஸ்’ — இப்படித்தான் பேசுவோம். சாஜிதா அந்த அம்மாவிடம் பேரைக் கேட்டிருக்க வேண்டும்தான். ஆனால் நான்? டூட்டி மாற்றும்போது சொன்னேனா? நோட்டில் என் கையெழுத்து மட்டும் இருக்கிறது. மேலே ஒரு வரிகூட இல்லை.

அந்த அம்மாவைத் திருநெல்வேலிக்கு அனுப்பி ஐசியூவில் வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 13

சொல்லவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும்.

ஏப்ரல் 17

வெள்ளைத்தாயம்மா பிழைத்துக்கொண்டார். செய்தி கேட்டு பாத்ரூமில் போய் அழுதேன்.

மத்தியானம் விசாரணை. கட்டில் மாற்றியதைச் சாஜிதாவிடம் சொன்னாயா என்று மேட்ரன் என்னிடம் கேட்டார். “வழக்கமாச் சொல்லுவேன் மேடம்” என்றேன். என்ன பதில் இது? பொய் என்று யாரும் பிடிக்க முடியாது. எவ்வளவு கெட்டிக்காரி நான்.

ஏப்ரல் 19

சாஜிதாவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அனுபவச் சான்றிதழும் கிடையாதாம். அது இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள்? லாக்கரைக் காலி செய்துவிட்டு, என்னைக் கடந்துதான் போனாள். திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.

ஏப்ரல் 28

சாப்பாடு இறங்கவில்லை. இன்று மேட்ரன் அறைக்குப் போய், நான் அவளிடம் சொல்லவே இல்லை மேடம் என்று சொல்லிவிட்டேன்.

அவர் பீரோவிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். சாஜிதா எழுதிக் கொடுத்த விளக்கம், பதினேழாம் தேதி போட்டது. ‘கட்டில் மாற்றிய விவரத்தைப் பொன்மணி சிஸ்டர் என்னிடம் சொன்னார். நான்தான் மறந்துவிட்டேன்.’

இரண்டு தடவை படித்தேன். மேட்ரன் கதவைச் சாத்திவிட்டு வந்து, “ஒருத்தி போனது போதும். வீட்டுக்காரரை நினைச்சுப் பாரு. நீ வந்ததையே நான் மறந்துருதேன்” என்றார். கெட்ட மனசில் சொல்லவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன். ஆமாம், தலையாட்டினேன்.

மே 4

சாஜிதா வீட்டுக்குப் போனேன். அவள் மாப்பிள்ளை சமீர் கதவைத் திறந்துவிட்டு, அப்படியே வெளியே போய்விட்டார். சாஜிதா டீ கொடுத்தாள். ஏன் அப்படி எழுதிக் கொடுத்தாய் என்று கேட்டேன். தங்கப்பாண்டி அண்ணனுக்கு ட்ரீட்மெண்ட் நின்றுவிடுமே என்றாள்; இவரை அவள் அப்படித்தான் சொல்வாள். அதோடு அவள் விட்டிருக்கலாம். விடவில்லை.

“நீயா வந்து சொல்லுவன்னு அஞ்சு நாள் பாத்துட்டு இருந்தேன் பொன்மணி. நீ வரல. அதுக்குப் பெறகுதான் எழுதிக் குடுத்தேன்.”

டீ ஆறிப்போனது. குடித்துவிட்டு வந்தேன். கயத்தாறுவரை பஸ்ஸில் போய், எதற்கு அங்கே இறங்கினேன் என்று தெரியாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். இவளைப் போல ஒருத்தி எனக்கு இனிமேல் வாய்க்க மாட்டாள்.

மே 11

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “ஜிஹெச்ல டயாலிசிஸ் இருக்கு. கொஞ்சம் காத்துக் கெடக்கணும், அவ்ளோதான்” என்றார். தலையைத் தடவிவிட்டார். அதுதான் தாங்கவில்லை.

மே 12

காலையில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேட்ரன் மேஜையில் வைத்துவிட்டுத்தான் கல்லூரிக்குப் போனேன்.

ஆளைத் தொடுமுன் பேரைக் கேளுங்கள், எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள், பஸ்ஸுக்கு நேரமானாலும் நின்று சொல்லிவிட்டுப் போங்கள் — இதெல்லாம் பேசினேன். எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். பின்வரிசையிலிருந்து முத்துச்செல்வி என்ற மாணவி எழுந்து, தப்பு நடந்துவிட்டால் எவ்வளவு சீக்கிரம் சொல்ல வேண்டும் என்று கேட்டாள்.

“கூட வேலை பாக்குறவ காத்துக்கிட்டு இருக்கும்போதே சொல்லிரணும்” என்றேன். மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

மே 15

என்னையும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சாஜிதாவுக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டதாக மேட்ரன் போனில் சொன்னார். என் கடிதத்தால்தானாம். திரும்ப வேலை மட்டும் கிடையாது.

சாஜிதாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மே 30

எடுக்கவில்லை.

ஜூன் 23

விளாத்திகுளத்தில் டாக்டர் பூவனநாதன் கிளினிக்கில் சேர்ந்தேன். சின்ன இடம், ஆறு கட்டில். போன வாரம் கொடுத்த விண்ணப்பத்தில், உங்கள் வேலையைப் பற்றி விசாரிக்க முன்பு கூட வேலை பார்த்த ஒருவர் பேரும் போன் நம்பரும் கேட்டிருந்தார்கள். எவ்வளவு யோசித்தும் வேறு பேர் வரவில்லை. சாஜிதா என்று எழுதிவிட்டு, அதோடு இந்த வேலையும் போயிற்று என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்று டாக்டர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவளிடம் பேசினாராம். நடந்தது அத்தனையும் அவளே சொன்னாளாம். கடைசியில், “நம்பி எடுத்துக்கிடுங்க சார். அவட்ட எங்க அம்மாவையே விட்டுட்டுப் போவேன்” என்றாளாம்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்று அவளைக் கூப்பிட்டேன். முழுசாக அடித்து ஓய்ந்தது. டாக்டர் நம்பர் அவளுக்குத் தெரியாத நம்பர், எடுத்திருக்கிறாள். என் நம்பர் அவளுக்கு மனப்பாடம்.