சமையலறைக்குள் ஒன்றே கால் அடி

சிங்காநல்லூர், கோவை
14.8.1996

அன்புள்ள மயிலாத்தாளுக்கு,

இங்கு நான் சுகம். பேத்தி குப்புற விழத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். நீ வைத்துவிட்டுப் போன பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது. கறிவேப்பிலைக் கன்றுக்குத் தினமும் தண்ணீர் விடுகிறேன்.

டிக்கெட்டைத் தள்ளிப்போட்டு இன்னும் ஆறு மாதம் அங்கேயே இருக்கும்படி மகள் மோகனப்பிரியா சொல்வதாக எழுதி, என் அபிப்பிராயம் கேட்டிருக்கிறாய். அதற்கு வருகிறேன். அதற்குமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சமையலறைச் சுவரில் ஓட்டை போட்டுவிட்டேன்.

பயப்படாதே. அகலம் நான்கு அங்குலம், உயரம் ஐந்து. மாப்பிள்ளை தந்த பொம்மை ரயிலுக்கு முன்னறையில் ஒரு யார்டு அமைத்துக்கொண்டிருந்தேன் அல்லவா? வரும் சரக்கு வண்டியைப் பிரித்து, பொள்ளாச்சி வேகன்களை ஒரு லைனிலும் ஈரோட்டு வேகன்களை இன்னொன்றிலும் சேர்க்கும் இடம். மொத்தம் ஐந்து லைன். முப்பது வருடம் மில் இயந்திரங்களுக்கு வரைபடம் போட்ட பழக்கத்தில், பதினோரு முறை வரைந்து பார்த்த பிறகே தண்டவாளத்துக்கு ஆணி அடித்தேன்.

போத்தனூர் ரயில் நிலையத்தில் வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எதிர்வீட்டுத் தம்பிதுரை வந்து ஒரு நிமிடம்தான் பார்த்தார். "ஏனுங்க, லைனெல்லாம் அழகாப் போட்டுப்போட்டீங்க. எட்டு வேகனை இழுத்துக்கிட்டு எஞ்சின் பின்னால போகோணுமே, அது எங்க போகுமுங்க? உங்க ஊட்டுச் சொவத்துக்குள்ளயா?" என்று சிரித்தார். அவர் சொன்னது சரி. இழுத்துப் பிரிக்கும் தண்டவாளம் நாலேகால் அடி வேண்டும். நான் விட்டது இரண்டேகால். ஒரு வண்டியை இரண்டு தவணையாகப் பிரிக்க வேண்டும். அதுவரை பாசஞ்சர் வண்டி வெளியே காத்துக் கிடக்கும். இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று ஒரு வாரம் மனம் நொந்தேன். எல்லாவற்றையும் பிரித்துப் பரணில் போட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். பிறகுதான் அவர் கேலியாகச் சொன்ன சுவரே வழி என்று தோன்றியது.

இந்த வீட்டில் காலண்டர் மாட்டும் ஆணிக்குக்கூட உன்னைக் கேட்டவன் நான். இதைக் கேட்டு எழுதினால் நீ வேண்டாம் என்று சொல்லக்கூடும். அதனால் கேட்கவில்லை. உளியை எடுத்து மூன்று நாளில் நானே குடைந்தேன். ஒன்பது அங்குலச் சுவர். அந்தப் பக்கம் தண்டவாளம் ஒன்றே கால் அடி நீண்டு உன் டப்பா அலமாரியில் முடிகிறது. மஞ்சள்தூள் டப்பாவை மட்டும் ஒரு தட்டு மேலே ஏற்றியிருக்கிறேன்.

போன ஞாயிறு ஓட்டிப் பார்த்தோம். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கத்தில் வேகனுக்கு ஒரு சீட்டு எழுதியிருந்தேன்: திருப்பூருக்குப் பஞ்சு, மேட்டுப்பாளையத்துக்கு உரம் என்று. மூன்று வண்டி, இருபத்து நான்கு வேகன். ஒன்றும் தடம் புரளவில்லை, லைன் மாறவில்லை. பாசஞ்சர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. தம்பிதுரை எல்லாச் சீட்டுகளையும் வேகன்களோடு ஒத்துப் பார்த்தார். பிறகு, "வார ஞாயித்துக்கிழமை எனக்கு எந்த டூட்டிங்க?" என்றார். அறுபத்தெட்டு வயதில் எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எனக்குப் பெருமைதான்.

இனி உன் கேள்வி. மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தைக்கு நீ தேவை. இருப்பதானால் இரு என்றுதான் நான் சொல்ல வேண்டும். ஆனால் எஞ்சின் சமையலறைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும், "ஏனுங்க, என்ற அடுப்படியில என்னங்க கூத்து இது?" என்று நீ கேட்பாய் என்று கை தானாக நின்றுவிடுகிறது.

ஓட்டையின் விளிம்பை இன்னும் பூசவில்லை. வைத்துக்கொள்வதா அடைப்பதா என்பதை நீ நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அரை மூட்டை சிமெண்ட் வாங்கி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை பிடித்தால் அது மூட்டையிலேயே இறுகிவிடும்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் என் ஆசிகள்.

உன்
அங்கப்பன்