சுரண்டிய இடத்தில் வெளிச்சம்

மார்ச் 4

என் மை படிந்த கைக்காரிக்கு,

நலமா? உன் அக்கா வீட்டு மாடியறை வசதியாக இருக்கிறதா? இங்கே குழாய் மறுபடி ஒழுகுகிறது. பூனை என்னை மதிப்பதே இல்லை. நீ போய் ஏழு மாதம் ஆகிறது, இன்னுமா கோபம் ஆறவில்லை?

விஷயத்துக்கு வருகிறேன். நம் முன்னறையில் ஜன்னல் வழியாக வெயில் விழுவதைச் செப்புத் தகட்டில் கீறினேனே, அதைக் கண்காட்சிக்குக் கேட்கிறார்கள். மாதக் கடைசிக்குள் முப்பது பிரதி வேண்டும். புதிதாக ஓர் அச்சுக்காரரை வைத்துப் பார்த்தேன். மனிதருக்கு மை பூசத் தெரிகிறது, துடைக்கத் தெரியவில்லை. வெயில் விழும் இடத்தில் அழுக்குத் துணியைப் போட்ட மாதிரி ஒரு சாம்பல் திட்டு. எத்தனை தடவை எடுத்தாலும் அதே இடத்தில், அதே திட்டு. மாதிரிக்கு ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். நீ உள்ளங்கையால் துடைத்தால்தான் வெளிச்சம் வெளிச்சமாக வரும். வந்து எடுத்துக்கொடு. பழையதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
உன்னவன்


மார்ச் 9

ஓவியர் அவர்களுக்கு,

பதினோரு வருடம் உங்கள் தகடுகளுக்கு மை பூசி, துடைத்து, உருளையைச் சுற்றி அச்செடுத்தவள் எழுதுவது. குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள். பூனைக்குப் புத்தி இருக்கிறது.

அச்சுக்காரர் மேல் பழி போடாதீர்கள். அவர் சுத்தமாகத்தான் துடைத்திருக்கிறார், ஓரங்களைப் பார்த்தாலே தெரிகிறது. படத்தைப் பிரித்ததும் முதலில் என்னைத்தான் தேடினேன். ஜன்னலுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேனே, எங்கே நான்? நாற்காலிகூட இல்லை. ஒரே வெயில்!

சுரண்டிவிட்டீர்கள். கத்தியால் சுரண்டி, மழமழவென்று தேய்த்து, வெளிச்சம் என்று பெயரும் வைத்துவிட்டீர்கள். சுரண்டினால் செம்பு பள்ளமாகும், பள்ளத்தில் மை தங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அந்தச் சாம்பல் திட்டு நான்தான்.

அதை நீங்கள் வரைந்த அன்று எனக்குக் காய்ச்சல். நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீருக்குக் கை நீட்டினால், "அசையாதே, வெளிச்சம் போயிடும்" என்றீர்கள். அசையவில்லை. பிறகு பத்திரிகைக்காரரிடம், "நான் எப்பவுமே தனியாத்தான் வேலை செய்றேன்" என்று நீங்கள் சொன்னபோதும் அதே அறையில்தான், நகத்தில் மையும் கையில் தேநீர்த் தட்டுமாக நின்றேன். வர மாட்டேன்.

இப்படிக்கு,
சாம்பல் திட்டு


மார்ச் 13

கோபக்காரிக்கு,

ஆமாம், சுரண்டினேன். நீ போன பிறகுதான். தினமும் காலையில் தகட்டை எடுத்தால் அதில் குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறாய், திரும்பிப் பார்த்தால் வீட்டில் இல்லை. நான் என்ன செய்ய? வெறும் நாற்காலியை மட்டும் விட்டுப் பார்த்தேன், அது இன்னும் மோசமாக இருந்தது. அதையும் எடுத்தேன். போனது நீ, நான் இல்லை.

பத்திரிகைக்காரரிடம் சொன்னது ஏதோ வாய் தவறி வந்தது. அதற்காக ஒருத்தி வீட்டையே விட்டுப் போவாளா?

கண்காட்சிக்காரர்கள் கழுத்தில் கத்தி வைத்த மாதிரி நிற்கிறார்கள். தகட்டையே உனக்கு அனுப்பியிருக்கிறேன். நீ வேலைக்குச் சேர்ந்த அச்சுக்கூடத்தில் கையால் சுற்றும் உருளை இருப்பதாக உன் அக்கா சொன்னாள். தகட்டின் பின்பக்கம் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பள்ளத்தை மேலே எழுப்பினால் திட்டு போய்விடும். உன்னைப்போல் பதமாகத் தட்ட இங்கே ஆளில்லை. படத்துக்குக் கீழே உன் பெயரையும் போடுகிறேன். சின்னதாக. போதுமா?

உன்னவன்


மார்ச் 22

ஓவியர் அவர்களுக்கு,

தகடு பத்திரமாக வந்தது. என்னையே சுத்தியலால் தட்டி எடுக்கச் சொல்கிறீர்கள், அதுவும் பதமாக! படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு அக்கா மேலே வந்து பார்க்கும்வரை அழுதேன்.

போனது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். என்னைத் தேடினீர்கள் என்பதையும் நம்புகிறேன். தேடியவர் ஏழு மாதத்தில் இரண்டு வரி எழுதியிருக்கலாம். படத்தில் திட்டு விழுந்த பிறகுதான் உங்களுக்கு என் முகவரி ஞாபகம் வந்தது.

நான் தட்டவில்லை. மை பூசி, மற்ற இடமெல்லாம் பளிச்சென்று துடைத்துவிட்டு, பள்ளத்தில் மட்டும் அழுத்தாமல் லேசாகத் துடைத்து ஒரே ஒரு பிரதி எடுத்தேன். தோள் தெரிகிறது. குனிந்த கழுத்து தெரிகிறது. மங்கலாக, ஊசி பிடித்த கையும். அன்றைக்கு ஆழமாகக் கீறியிருக்கிறீர்கள், அதனால் என்னை முழுதாகச் சுரண்ட முடியவில்லை. நன்றாகவே வரைந்திருக்கிறீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். கீழே பென்சிலால் 1/1, மொத்தமே ஒன்று என்று எண் போட்டு, என் பெயரை எழுதினேன். பெரிதாக.

பிறகு தகட்டின் குறுக்கே மூலைக்கு மூலை ஊசியால் இரண்டு கோடு இழுத்தேன். பிரதி எடுத்து முடிந்ததும் எந்தத் தகட்டுக்கும் நாம் செய்வதுதான். இனி யாரும் அதில் இந்தப் படத்தை எடுக்க முடியாது. தகட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கண்காட்சிக்கு வேறு படம் கீறிக்கொடுங்கள். பூனையை உட்காரச் சொல்லிப் பாருங்கள், அசையாமல் எவ்வளவு நேரம் இருக்கிறதென்று தெரியும்.

பிரதி என்னிடமே இருக்கும். மாடியறையில் மாட்டியிருக்கிறேன், காலை வெயில் நேராக அதன்மேல் விழுகிறது. அதற்குக் கீழே நாற்காலி போட்டு என் துணியைத் தைக்கிறேன். தாகம் எடுத்தால் எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கிறேன்.

இனி எழுத வேண்டாம்.

அச்சுக்காரி