வீசி எறிந்ததாகச் சொன்ன பாஸ்போர்ட்

29.10.79 திங்கள்

விடியலிலிருந்து மழை. குடைக்கம்பி ஒன்று போச்சு.

போலீஸ் ஸ்டேஷன். வருஷா வருஷம் தங்கும் அனுமதியை நீட்டிக்க வேண்டும், பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போன பின்னும் நான் பிரெஞ்சுப் பிரஜை அல்லவா. புது ரைட்டர், பாஸ்போர்ட்டைக்கூடக் கேட்கவில்லை.

"எந்த ஊர்லேர்ந்து வந்தீங்க?"

"எதிர்த்த தெருவுலேர்ந்து."

"அதில்ல, பொறந்தது?"

"அதுவும் அங்கதான்."

ஸ்டேஷனே எழுந்து நின்றது மாதிரி இருந்தது. சரி, இரண்டு பேர் சிரித்தார்கள்.

இந்தியக் குடியுரிமைக்கு மனு போட்டு வருஷக் கணக்காகிறது. பதில் இல்லை. மனு வாங்கிய அன்றைக்கே குமாஸ்தா சொன்னார்: "சர்டிபிகேட் கைக்கு வர்ற வரைக்கும் பழைய பாஸ்போர்ட்ட விட்டுடாதீங்க. தேதி முடியறதுக்கு முன்ன புதுப்பிச்சுடுங்க. இல்லன்னா எந்த தேசத்துக்கும் போக முடியாது, உள்ளூர்லயும் நிக்க முடியாது."

பீரோவில் என் பெண்சாதி லூர்துவின் கல்யாணப் புடவைக்கு அடியில் பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கிறது. தெருவுக்கு வேறு கதை. தூதர் மேசைமேல் வீசி எறிந்தேன், அவர் கண் கலங்கி "மிசியே, எங்களை விட்டுப் போகாதீர்கள்" என்றார். நன்றாக வந்த கதை. டீக்கடையில் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள்.

30.10 செவ்வாய்

மழை விட்டுவிட்டு. மத்தி மலிவு.

பிரான்சிலிருந்து தந்தி. தம்பி ஆல்பேர் ஆஸ்பத்திரியில், இருதயம். உடனே வரவும், உங்களைக் கேட்கிறார். அனுப்பியது அவன் பெண்சாதி.

பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்டிலேயே முடிந்திருக்கிறது.

லூர்து: "வீசிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, புதுப்பிக்க அங்க எப்பிடிப் போயி நிப்பீங்க. அதானே?"

காபியில் சர்க்கரை இல்லை. கேட்கவில்லை.

31.10 புதன்

தூறல். தூதரக வாசல். பென்சன் வாங்க வந்த பழைய பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்கள் வரிசை. நடுவில் எங்கள் தெரு அந்துவான்.

"என்னா மாமா, வீசுனத பொறுக்க வந்தீங்களா?"

வரிசையே திரும்பிப் பார்த்தது.

"கடக்கரைக்குக் காத்து வாங்கப் போறேன்டா."

"மழையிலயா?"

போனேன். அலுவலகம் மூடும் வரை பாறைமேல் நனைந்தேன். நாளைக்கு வரிசை இருக்காது.

1.11 வியாழன்

சலவைச் சட்டை. காலைப் பூசை முடிந்து நேரே தூதரகம். கதவு பூட்டு.

காவலாளி: "இன்னிக்கு சகல புனிதர் திருநாளு, லீவு. வெள்ளைக்காரன் பண்டிகையெல்லாம் விரல்நுனியிலன்னு சொல்லுவீங்களே."

அந்தத் திருநாள் பூசையிலிருந்துதான் வருகிறேன். லீவு என்று உறைக்கவில்லை.

2.11 வெள்ளி, கல்லறைத் திருநாள்

வெயில். எட்டு மணிக்குத் தந்தி. ஆல்பேர் நேற்றுப் போய்விட்டான்.

லூர்து அழுதாள். எனக்கு வரவில்லை. கப்பலேறின அன்றைக்கு என் தோல் செருப்பை மாட்டிக்கொண்டு போனவன். அதுதான் ஞாபகம்.

சாயங்காலம் கல்லறை. அப்பாவுக்குச் சாமந்தி, மெழுகுவர்த்தி. பக்கத்துக் கல்லறையில் அந்துவான்.

"தம்பிக்கு ஒடம்பு முடியலன்னாங்களே மாமா. எப்பிடி இருக்காரு?"

"எழுந்து ஒக்காந்துட்டான். பொங்கலுக்கு வர்றானாம்."

லூர்து கையிலிருந்த மெழுகுவர்த்தி அணைந்தது. என்னையே பார்த்தாள்.

"என் செருப்பயும் கொண்டாறானாம்," என்றேன்.