பதினெட்டாவது வரி

செவ்வாய்க்கிழமை, மதியம்

அன்பு மகள் சுண்டெலிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் நலம். உன் இருமல் நின்றதா? சனிக்கிழமை பேசும்போது மூன்று தடவை இருமினாய். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

போனை விட்டுவிட்டு இவள் ஏன் பேனாவைத் தூக்கினாள் என்று நினைப்பாய். சனிக்கிழமைக்குப் பிறகு இரண்டு தடவை உன்னைக் கூப்பிட்டேன். உன் குரலைக் கேட்டதும் "சாப்பிட்டியா" என்பதைத் தாண்டி வாய் போகவில்லை. பேச விட்டால் நான் பூசி மெழுகிவிடுவேன். அதில் எனக்கு இருக்கிற சாமர்த்தியம் உனக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்தும் தேதியும் போடுகிறேன். அப்பா இதைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்புவார். பாதிப் படத்தில் அவர் கட்டைவிரல்தான் இருக்கும், பொறுத்துக்கொள். அசல் கூரியரில் வரும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஃபைலில் "கதவு" என்ற வரியை எடுத்தது நான். நீ இல்லை. நீ எழுதிவைத்ததில் எந்தத் தப்பும் இல்லை.

இதை வேறு ஆட்களும் படிக்க வேண்டி வரலாம். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். என் தம்பி, அதாவது உன் மாமாவின் லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் புகார்களை எழுதிக்கொள்வது என் வேலை. நீ வருவதற்கு முன்னால் புகார்கள் எல்லாம் என் நோட்டிலும், மெக்கானிக்குகளின் சட்டைப்பையிலும், பாதி காற்றிலும் இருந்தன. பெரிய கம்பெனிகள் தங்கள் புராஜெக்ட் வேலைகளைக் கண்காணிக்க வைத்திருக்கிற சாஃப்ட்வேரை நீ எங்கள் புகார்களுக்காக மாற்றி அமைத்தாய். எந்தப் புகார் யாருக்குப் போக வேண்டும், எத்தனை நாளில் நினைவூட்ட வேண்டும், எப்போது மூட வேண்டும் எல்லாமே ஒரே ஒரு அமைப்பு ஃபைலில், வரி வரியாக. நான் பக்கத்தில் வரவே பயந்தேன். "அம்மா, இது பூதம் இல்ல. மளிகை லிஸ்ட் மாதிரி படி, புரியும்" என்று உட்கார வைத்தாய். ஒரு வாரத்தில் புரிந்தது. அப்போது நான் அடித்த தம்பட்டத்தை இந்தத் தெருவே கேட்டிருக்கும்.

பதினைந்து நாள் யாரும் தொடாத புகார் தானாக மூடிக்கொள்ளும் என்று ஒரு விதி வைத்தாய். லைட் எரியவில்லை, ஃபேன் சத்தம் போடுகிறது என்று சொன்னவர்கள் பிறகு மறந்துபோவார்கள், அதற்காக. அதன் கீழேயே விதிவிலக்காக மூன்று வரி. பதினாறு கயிறு, பதினேழு பிரேக், பதினெட்டு கதவு. இந்த மூன்றும் தானாக மூடவே கூடாது. மேலே, மெஷின் படிக்காமல் தாண்டிப் போகிற குறிப்பு வரியில், எனக்காக எழுதியிருந்தாய்: "அம்மா, இந்த மூணையும் தொடாதே. ஒரு ஆள் நேரில் போய்ப் பார்த்து, சரி பண்ணிட்டேன்னு சொன்னாத்தான் மூடணும்."

படித்தேன். படித்துவிட்டுத்தான் எடுத்தேன்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் இரண்டு மெக்கானிக்குகள் ஒரே வாரத்தில் வேலையை விட்டார்கள். மாமா புது ஆள் போடவில்லை. ஆனால் மூடாத புகார்களின் எண்ணிக்கையைச் சுவரில் பெரிய திரையில் சிவப்பாகப் போட்டுவிட்டார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் எல்லோர் முன்னாலும் அதைக் காட்டி, "அக்கா, இது என்ன, உன் ரத்த அழுத்தமா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு திங்கட்கிழமை அது நாற்பத்தொன்று. அதில் முப்பது கதவுப் புகார். கதவு என்றால் பத்துக்கு ஒன்பது தடவை அது ஓடுகிற தடத்தில் தூசி, இல்லையென்றால் குழந்தைகள் காலை விட்டு விளையாடுவது. இதற்காகவா நான் எல்லோர் முன்னாலும் நிற்க வேண்டும் என்று வந்தது. மறுநாள் பதினேழாம் தேதி. காலை பதினொன்றேகால். கதவு என்ற வரியை அழித்துச் சேமித்தேன். பதினைந்து நாளைத் தாண்டியவை, தாண்டப் போகிறவை என்று முப்பது புகார்களும் அந்த வாரமே ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. அடுத்த திங்கட்கிழமை மாமா கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, சுண்டெலி. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

உன் பெயர் எப்படி வந்தது என்றால், என் லாகினில் அந்த ஃபைலைப் படிக்கத்தான் முடியும், மாற்ற முடியாது. நீ வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிற அன்றைக்கு, "அவசரத்துக்கு இருக்கட்டும்மா" என்று உன் லாகினை என் கம்ப்யூட்டரில் திறந்தபடியே விட்டுப் போனாய். என்னை நம்பி விட்டுப் போனாய். யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு மாற்றினார்கள் என்று அது தனியாக எழுதிவைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை. இந்த ஒன்றை மட்டும் நம்பு. உன் பெயரை மாட்டிவிட வேண்டும் என்று செய்யவில்லை. பிறகு மாட்டியிருப்பதைப் பார்த்தும் எடுத்துவிடவில்லை, அது வேறு.

இனி அந்தத் தையல்காரம்மாவைப் பற்றி. மாமா உனக்கு "ஒரு சின்ன விபத்து" என்று சொன்னாராம். ஆறாவது மாடியில் வீட்டிலேயே தைப்பவர், தனி ஆள். வாசலில் கை வைத்தாலும் கதவு திரும்பத் திறக்காமல் மூடுகிறது என்று அவர் போன் பண்ணினார். எடுத்தது நான். பதிவு செய்ததும் நான். வகை என்ற இடத்தில் கதவு என்று போட்டேன். யாரும் போகவில்லை. பதினைந்து நாளும் அவர் துணி மூட்டையோடு ஆறு மாடி ஏறி இறங்கியிருக்கிறார். பதினாறாவது நாள் புகார் தானாக மூடிக்கொண்டது. புகார் மூடினால் வாடிக்கையாளருக்குப் போகிற செய்தி நீ எழுதியதுதான்: "உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது. நன்றி." ஒரு ஆள் போய்ப் பார்த்தால்தான் கதவுப் புகார் மூடும் என்று இருந்தவரை அது உண்மை. நான் அந்த வரியை எடுத்த பிறகு அது பொய். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் அவர் லிஃப்டில் ஏறப் போனார்.

வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் பாதிதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மாமாவிடம் சொல்லவில்லை. மாடிப்படி ஏறித்தான் போனேன், முழங்கால் கெஞ்சியது. தையல் மிஷின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடியிருந்தார். நான் யார் என்று சொல்வதற்கு முன்பே, "நீங்கதானே அன்னைக்குப் போன்ல பேசினது? குரல் தெரியுது" என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "சரி பண்ணிட்டோம்னு மெசேஜ் வந்துச்சேன்னு ஏறினேன்மா" என்றார். அவ்வளவுதான். போனை எடுத்து அந்தச் செய்தியை எனக்குக் காட்டவும் செய்தார், நான் நம்பமாட்டேனோ என்று. இடது கையால் தட்டித் தட்டித் தேடினார். எனக்கு அங்கே உட்காரவும் முடியவில்லை, எழுந்து வரவும் முடியவில்லை.

இன்னும் மோசமானது பாக்கி இருக்கிறது.

போன வியாழக்கிழமை முதல் விசாரணை. லிஃப்ட் பாதுகாப்பைக் கவனிக்கிற அரசுத் துறையிலிருந்து வந்த அதிகாரி அந்த மாற்றத்தின் பதிவை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். அதில் உன் பெயர். மாமா என்னைப் பார்க்கவே இல்லை. "அக்கா பொண்ணுங்க. வெளிநாட்டுல இருக்கா. அங்கேருந்தே அப்பப்போ மாத்திக் குடுப்பா" என்றார். எப்போது யோசித்துவைத்தாரோ, அவ்வளவு சரளமாக வந்தது. அதிகாரி என் பக்கம் திரும்பி, இந்த ஃபைல் பற்றி உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். நான், "எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் தெரியாதுங்க" என்றேன்.

வாய் கூசவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பதினெட்டாவது வரி எது என்று சொல்லக்கூடியவள், அந்த அறையில் ஒன்றும் தெரியாத அம்மாவாகிவிட்டேன். அவர் நம்பிவிட்டார். என் வயதையும் புடவையையும் பார்த்தால் யாரும் நம்புவார்கள். வெளியே வந்ததும் மாமா, "அவ தூரத்துல இருக்கா, அவளை யாரு என்ன பண்ணப் போறாங்க? நீ மாட்டினா நாளைக்கே கம்பெனி மாட்டும்" என்றார். அதுவும் சரிதானே என்று எனக்கு அப்போது தோன்றியது.

வெள்ளிக்கிழமை உனக்கு நோட்டீஸ் வந்தது. சனிக்கிழமை நீ கூப்பிட்டாய். உன் கம்பெனியில் புது ஆஸ்பத்திரி புராஜெக்டுக்கு உன்னைத் தலைமையாகப் போட்டிருந்தார்கள், இது முடியும் வரை ஒதுங்கி இரு என்று மேலாளர் சொல்லிவிட்டார் என்றாய். அதைக் கேட்டுக்கூட நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். "மாமா பாத்துக்கறார்மா" என்றேன். அப்புறம் நீ மெதுவாக, "அம்மா, நான் ராத்திரி முழுக்க எங்கிட்ட இருக்கற பழைய ஃபைலைப் படிச்சுப் பாத்தேன். ஒருவேளை நான் எழுதினதுலயே ஏதோ தப்போ? என்னாலதான் அவங்களுக்கு விரல் போச்சோ?" என்றாய்.

சின்ன வயதில் கணக்கில் ஒரு மார்க் குறைந்தால் டீச்சர் தப்பாகத் திருத்திவிட்டார் என்று சண்டைக்குப் போனவள் நீ. நீ செய்தது சரி என்றால் உலகமே எதிரே நின்றாலும் அசையமாட்டாய். அந்தப் பெண் தன்னையே சந்தேகப்படுகிற குரலைக் கேட்டேன். கேட்டும் "சாப்பிட்டு தூங்கு" என்று சொல்லி வைத்தேன். உன் வேலை போனால்கூட நீ வேறு வேலை தேடிக்கொள்வாய். இது உள்ளே தங்கிவிட்டால் எதை வைத்து எடுப்பேன்?

நேற்று சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரிகையை மடித்து வைத்தார். பிறகு, "முதல்ல அவளுக்கு எழுது. அப்புறம் ஆபீசருக்குச் சொல்லு" என்றார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் எனக்குச் சொன்ன ஒரே உத்தரவு இதுதான். குழாய் ஒழுகுவதைக்கூட என்னிடம் கேட்டுவிட்டுத்தான் சரிசெய்பவர்.

நாளை மறுநாள் வியாழக்கிழமை இரண்டாவது விசாரணை. இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை அதிகாரியின் கையில் கொடுக்கப் போகிறேன். போன வாரம் நான் சொன்னது பொய் என்றும் சொல்லப் போகிறேன். இன்று காலை ஆபீசுக்குப் போய் மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. "என்னை நடுத்தெருவுல நிறுத்திட்டியே அக்கா" என்றார். சுவரில் இருந்த திரையை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் தூக்கி வளர்த்த தம்பி. அவனும் பாவம்தான், ஆனால் உன்னைக் கொடுத்து அவனைக் காப்பாற்ற என்னால் முடியாது. எனக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. வேலை போகும், அது நிச்சயம். அதற்கு மேலும் ஏதாவது வந்தால் வரட்டும். நீ கிளம்பி வராதே. டிக்கெட் பார்க்காதே. அங்கே உன் மேலாளர் முன்னால் போய் நேராக நில், இந்தப் பக்கங்களைக் காட்டு. அதற்காகத்தான் கையெழுத்து.

ஒன்றே ஒன்று செய்தேன். உன் லாகினைத் துறைக்காரர்கள் முடக்கிவிட்டார்கள். சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் பண்ணி, நேற்று மதியம் என் பெயரிலேயே உரிமை வாங்கினேன். கதவு என்ற வரியைத் திரும்பப் போட்டேன். மாற்றிய ஆள் என்ற இடத்தில் முதல் தடவையாக என் பெயர் வந்தது. உன் குறிப்புக்குக் கீழே நானும் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன், மெஷின் படிக்காது: "பதினெட்டாவது வரியை எடுத்தது அம்மா. மகள் இல்லை. அவள் எழுதியது சரி." உன் லாகினைத் திரும்பத் திறந்துவிட்டால் அங்கிருந்தே படித்துக்கொள்.

என்னை மன்னி என்று கேட்க மாட்டேன், அது இப்போது உன் தலையில் இன்னொரு வேலையாக ஏறும். கோபம் தீரும்வரை என்னோடு பேச வேண்டாம். ஆனால் உன் கையை நீ சந்தேகப்படாதே. அந்தக் கை எழுதிவைத்தபடியே இருந்திருந்தால் அந்த அம்மா இன்றைக்கும் தைத்துக்கொண்டிருப்பார்.

நீ நன்றாக இரு. உன் வேலை உன்னிடமே திரும்பி வரட்டும். இருமல் நின்றதா என்று மட்டும் அப்பாவிடமாவது சொல். அவர் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்
அம்மா