குரல் மாறிய வருடம்

அப்பா,

இன்று காலை ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் தேய்த்ததும் அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய். நாம் முதன்முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன நாள் எனக்கு அந்த வாசனையாகத்தான் நினைவில் நிற்கிறது.

அதற்குப் பத்து நாள் முன்புதான் உன்னிடம் சொல்லியிருந்தேன். எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. மரக்காணத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. அம்மா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பெண்ணாகப் பிறந்தாலும் நான் ஆண்தான் என்றும், ஹார்மோன் எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். நீ எழுந்து உப்பளத்துக்குப் போய்விட்டாய். ஒரு வாரம் வழக்கம்போல வேலைக்குப் போய்வந்தாய். எட்டாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "டாக்டர்கிட்ட எப்போ போற? நானும் வர்றேன்" என்றாய்.

முப்பது வருடம் உப்பின் வெள்ளையைப் பார்த்த கண்கள் உனக்கு. பழகிய வரப்பில் நடப்பாய். ஆனால் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கண் டாக்டர்கள் சொல்லிவிட்டிருந்தார்கள். சென்னை ஆஸ்பத்திரியில் என் தோளைப் பிடித்துக்கொண்டே படியேறினாய்.

"மருந்தை நிறுத்திட்டா எல்லாம் பழையபடி ஆயிடுங்களா?" இதுதான் நீ கேட்ட ஒரே கேள்வி.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். மாதவிலக்கு நிற்கும், மருந்தை விட்டால் பெரும்பாலும் திரும்ப வரும். உடம்பில் வலு கூடும், சதை இடம் மாறும். விட்டால் அவையும் மெல்லப் பழைய நிலைக்குப் போகும். பிள்ளைப் பேறு பற்றி உறுதி சொல்ல முடியாது. அந்த ஆசை இருந்தால் முன்பே யோசிக்க வேண்டும். முளைத்த தாடி மறையாது.

"குரல் உடைஞ்சா உடைஞ்சதுதாங்க. நிறுத்தினாலும் பழைய குரல் வராது."

நீ மடியிலிருந்த துண்டை மடித்தாய், பிரித்தாய், மறுபடி மடித்தாய்.

திரும்பும் பஸ்ஸில் கல்பாக்கம் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தாய். "உன் மூஞ்சி எனக்குச் சரியா தெரிஞ்சு மூணு வருசமாச்சு. நீ உள்ள வந்தா குரலை வச்சுத்தான் தெரியும்."

"அப்போ வேணாம்பா. நான் எடுத்துக்கல" என்றேன். அதில் தியாகம் எதுவும் இல்லை, கோபம்தான் இருந்தது.

"எடுத்துக்காதன்னு நான் சொல்லல. எது திரும்பி வரும், எது வராதுன்னு எனக்கும் தெரியணும் இல்ல?"

ஊர்க் கண்ணுக்குப் பயந்து, மாற்றம் முடியும்வரை புதுச்சேரியில் அறை எடுத்துத் தங்க நினைத்திருந்தேன். நீ விடவில்லை. "ஒரு வருசம் கழிச்சு வேற குரல்ல வந்து நின்னா, நான் யாருன்னு நினைக்கிறது? கூடவே இரு. தினமும் பேசு. கொஞ்சம் கொஞ்சமா மாறினா பழகிடும்."

அப்படித்தான் காலையில் உனக்குப் பேப்பர் படிக்கத் தொடங்கினேன். மூன்றாம் மாதம் சளி பிடித்தது போலத் தொண்டை கட்டியது. தேர்தல் செய்தியின் நடுவே ஒரு அமைச்சரின் பெயர் இரண்டாக உடைந்தபோது இருவரும் சிரித்தோம். "இன்னைக்கு இன்னும் இறங்கிடுச்சு" என்பாய். சில நாள் "ஏம்மா" என்று கூப்பிட்டு, "ஏம்பா" என்று திருத்துவாய். திருத்தாத நாட்களில் எனக்கு வலிக்கும். சொல்ல மாட்டேன்.

ஒருநாள் நடுவில் நிறுத்தி, "அந்தப் பழைய குரல் நல்லா இருந்துச்சு" என்றாய். நான் பேப்பரை மடித்தேன். "இதுவும் நல்லாத்தான் இருக்குது. அது வேற." எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்த ஒன்றில் நீ இழந்ததும் இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இரண்டாம் வருடம் மருந்தால் ரத்தம் கெட்டியாகிவிட்டது என்று டாக்டர் ஊசியை நிறுத்தினார். மூன்றாம் மாதமே மாதவிலக்கு வந்தது. கடைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தேன். நீ வாசற்படியில் வந்து உட்கார்ந்தாய்.

"வரும்னு டாக்டர் சொன்னதுதானே வந்திருக்குது. மறுபடி ஆரம்பிச்சா போயிடும். எழுந்து பேப்பர் படி."

படித்தேன். குரல் அப்படியே இருந்தது. பிறகு அளவைக் குறைத்து ஊசியைத் திரும்பத் தொடங்கினார்கள்.

போன ஐப்பசி மழையில் உப்பளத்தில் வேலை இல்லை. மதியம் சாப்பிட உட்கார்ந்த நீ, மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். அவ்வளவுதான்.

உன் போனிலிருந்தே எல்லோருக்கும் சொன்னேன். முதலில் உன்னோடு இருபது வருடம் உப்பு வாரிய மாமாவுக்கு.

"சொல்லுய்யா, சாப்டியா?" என்றார்.

"இல்ல..." என்று இழுத்தேன்.

"ஏன்யா, மணி என்ன ஆவுது?"

"மாமா, நான் அவரு பையன் பேசறேன். அப்பா போயிட்டாரு."

எப்போது என்று கேட்டார். பிறகு, "அவன் பேசற மாதிரியே இருக்குதுப்பா" என்றார். எனக்கு அதுவரை அது தெரியாது. தினமும் கேட்ட உனக்கும் தெரிந்திருக்காது. தன் குரல் தனக்கு எப்படித் தெரியும்?

"உடனே வச்சிடாதப்பா" என்றார் மாமா. "கொஞ்சம் பேசு."

நீ காலையில் எழுந்தது முதல் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் 'ம்' கொட்டிக்கொண்டே இருந்தார். இப்போதும் வாரம் ஒருமுறை கூப்பிடுகிறார். பெரிதாக விஷயம் ஒன்றும் இருப்பதில்லை. நான் பேசுகிறேன், அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.