வளையத்தடியில் என் இடம்

13 ஜூன் 1938, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாளே முட்டி போயிற்று.

ஐந்தாம் பாரம் படிக்கிற பெண்களுக்கு, எம்பி வளையத்தில் பந்து போடுவது எப்படி என்று காட்டினேன். எம்பும்போது நன்றாகத்தான் எம்பினேன். இறங்கும்போது வலது முட்டிக்குள் ஈர விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். நாலு வருஷத்துக்கு முன் சென்னையில், கல்லூரிகளின் பாஸ்கெட்பால் பந்தயத்திலும் இதே முட்டி, இதே சத்தம். அன்றைக்கு மற்றவர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இன்று சைதூன் பீவியும் இன்னொரு பெண்ணும் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றினார்கள். பள்ளி மானேஜர் ஆவுடையப்பன் பிள்ளை வராந்தாவில் நின்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். எனக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

"டிரில் டீச்சரே நொண்டுதா. பிள்ளைக என்னத்தப் படிக்கும்?"

என் வேலை இன்னும் தற்காலிகம். ஆகஸ்டில் இன்ஸ்பெக்ட்ரஸ் வந்து பார்த்துச் சரி என்றால்தான் நிலைக்கும். பி.ஏ. படித்தவள், பேசாமல் இங்கிலீஷ் பாடம் நடத்தலாமே என்கிறார்கள். எனக்குப் பந்துதான் உத்தியோகம். வேறு எதற்கும் நான் இவ்வளவு உழைத்ததில்லை.

ஆகஸ்டுக்குள் நடப்பேன். நடப்பது என்ன, ஓடுவேன்.

14 ஜூன்

வீக்கம். குழந்தை உலகம்மாளுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். பத்து மாதமாகிறது, இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. என் காலின் தோஷம் அவளுக்கும் வந்துவிட்டதோ? இரண்டு பேரும் அழுதோம். அவள் சத்தமாக.

18 ஜூன், சனி

எலும்புக்கும் பிசகுக்கும் கட்டுப் போடுகிற பிச்சுமணி ஆசானை என் வீட்டுக்காரர் வடகரையிலிருந்து அழைத்து வந்தார். ஆசான் முட்டியை விரலால் தடவியே வலிக்கிற இடத்தைச் சொல்லிவிட்டார். பிறகு வேண்டியதைக் கேட்டார்: உளுந்தமாவு, மூங்கில் சிம்பு, பழந்துணி, ஆறு கோழிமுட்டை.

முட்டை என்றதும் அத்தை போய்ப் பூஜை அறைக் கதவைச் சாத்தினார்கள். இவரைப் பெற்ற அம்மா, சைவத்தில் மகா கண்டிப்பு. இந்த வீட்டு வாசலை முட்டை தாண்டியதில்லை.

"அதுக்குப் பதிலா கத்தாழை வச்சாப் பிடிக்காதா ஆசானே?"

"கத்தாழை வழுக்கும் ஆச்சி. வெள்ளைக்கருதான் இறுகும்."

"அப்பம் தொழுவத்துல வச்சுக் கட்டும்."

இரண்டு பசுக்கள் பார்த்திருக்க எனக்கு வைத்தியம் நடந்தது. இருபத்தொரு நாள் கட்டை அவிழ்க்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது. இது ஆசான் சட்டம். அத்தை சட்டம் தனி: முட்டைக் காலோடு அடுக்களைக்கும் கூடத்துக்கும் வரக் கூடாது. தொழுவத்தை ஒட்டிய அறையில் எனக்குக் கட்டில். குழந்தை பாலுக்கு மட்டும் வரும். குடித்ததும் ஈரத்துணியால் துடைத்துத் தூக்கிப் போய்விடுவார்கள். காய்ச்சல் பிள்ளையை இப்படித் துடைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று இவரிடம் கேட்டேன். கொஞ்ச நாள்தானே என்கிறார்.

யாருக்குக் கொஞ்ச நாள்?

27 ஜூன், திங்கள்

இன்று செய்ததை எழுதாமல் விடலாம். எழுதுகிறேன்.

சாரல் விழுந்துவிட்டது. தெருவில் குற்றாலத்துக்குப் போகிற வண்டிகளின் மணிச் சத்தம். காலையில் குழந்தை கூடத்தில் விக்கி விக்கி அழுதது. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். அத்தை வாசற்படியில் மறித்தார்கள்.

"அந்தக் காலைக் கழுவிட்டு வா ஏட்டி."

சரி, கழுவுகிறேன் என்றேன். இவர் தாலுகா கச்சேரிக்கு வேலைக்குப் போயிருந்தார். வண்டி கட்டச் சொல்லிக் குற்றாலம் போனேன். அருவி அடித்துப் போகாத வலி உண்டா என்று இந்த ஊரில் பிறந்த எல்லாரையும் போல நானும் நம்பியிருக்கிறேன். சென்னையில் படித்த உடற்கூறு எங்கே போயிற்றோ. பெண்கள் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தேன். உளுந்தும் முட்டையும் கல்லாய் இறுகியிருந்தன. நனைத்து நனைத்துப் பிய்த்தேன். பேரருவிக்கடியில் முட்டியை நீட்டினேன். ஒரு நிமிஷம் சொர்க்கம். அப்புறம் பாறை வழுக்கிற்று.

கழுவின காலோடு வீட்டுக்குள் வந்தேன். அத்தை காலைக் குனிந்து பார்த்தார்கள். குழந்தையை என்னிடம் நீட்டினார்கள்.

வாங்கிக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

2 ஜூலை, சனி

ஆசான் திரும்ப வந்தார். முட்டியை இரண்டு முறை தடவிப் பார்த்தார்.

"அருவி முதுகுக்கும்மா. முட்டிக்கு இல்ல."

மறுபடியும் முட்டை, மறுபடியும் இருபத்தொரு நாள். இனிமேல் கால் முழுசாக மடங்காதாம். நடக்கலாம், நிற்கலாம். ஓட்டம் கொஞ்சம்தான். குதிப்பதை மறந்துவிட வேண்டுமாம்.

அழவில்லை. அத்தையிடம் என் சட்டத்தைச் சொன்னேன். கட்டு கூடத்தில் போடட்டும், நான் கூடத்தில் இருப்பேன், குழந்தை என் பக்கத்தில் இருக்கும். முடியாதென்றால் கட்டே வேண்டாம், இப்படியே நொண்டிக்கொண்டு அடுக்களைக்கு வருவேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"காலு ஓடாட்டாலும் வாயி ஓடுது." பிறகு மகனிடம், "குற்றாலிங்கம், கூடத்துல பாயை விரி."

9 ஜூலை, சனி

மானேஜரிடமிருந்து கடிதம். உடல்நிலையை உத்தேசித்து நானே விலகிக்கொள்வது இருவருக்கும் கௌரவமாம். இவர் அழகான கையெழுத்தில் ராஜினாமா எழுதி எடுத்து வந்தார். குழந்தையும் சின்னது, கையெழுத்து மட்டும் போடு என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

தாளைத் திருப்பினேன். வெள்ளையாக இருந்தது. ஒரு நீள்சதுரம் வரைந்து, குறுக்கே இரண்டு கோடு போட்டேன். ஆண்கள் மைதானம் முழுக்க ஓடுவார்கள். பெண்கள் விதி வேறு. மைதானத்தை மூன்று பங்காகப் பிரித்திருக்கும். அவரவர் பங்கை விட்டு வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது. கல்லூரியில் இந்த விதியை எவ்வளவு திட்டியிருப்பேன்! பெண் என்றால் பந்து விளையாடுகிற இடத்திலும் கோடு கிழிப்பார்களா என்று. நடுப்பங்கில் நிற்பவளுக்கு ஓட்டம் அதிகம். கடைசிப் பங்கில், வளையத்தடியில் நிற்பவளுக்கு? பந்து வரும்வரை நிற்கலாம். வந்ததும் போட வேண்டும். அவ்வளவுதான்.

அதே தாளில் எழுதி அனுப்பிவிட்டேன்: இன்ஸ்பெக்ட்ரஸ் முன்னால் விளையாடுகிறேன், அதற்குப் பிறகு பேசுவோம். பின்பக்கம் ராஜினாமா இருப்பது அனுப்பிய பிறகுதான் நினைவு வந்தது. இருக்கட்டும். கையெழுத்து இல்லையே.

17 ஜூலை

தொழுவத்துத் தூணில் பீப்பாய் வளையம் அடித்திருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் பந்தைக் கீழிருந்து தூக்கிப் போடுகிறேன். குதிக்க வேண்டாம், மணிக்கட்டு போதும். மாடு மிரளுது என்று அத்தை சத்தம் போட்டார்கள். பந்து அவர்கள் பக்கம் உருண்டால், தோல் என்பதால் கையால் தொடுவதில்லை. காலால் தள்ளிவிடுகிறார்கள். நல்ல குறி.

23 ஜூலை

கட்டு பிரித்தாயிற்று. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போக வேண்டும். கால் விறகாக இருக்கிறது. நின்றேன்.

20 ஆகஸ்ட், சனி

இன்ஸ்பெக்ஷன். பாளையங்கோட்டையிலிருந்து வந்த பெண்களோடு பந்தயம். அவர்கள் பக்கமும் டீச்சர் ஒருத்தி இறங்கினாள், அதனால் தடையில்லை. என்னால் ஓட முடியாதென்று மானேஜர் இன்ஸ்பெக்ட்ரஸிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைசிப் பங்கில் போய் நின்றேன். நடுப்பங்கில் சைதூன் பீவி.

"டீச்சர், நீங்க அங்கனயே நில்லுங்க. பந்தை நான் கொண்டாருதேன்."

கொண்டுவந்தாள். போட்டேன். மறுபடி கொண்டுவந்தாள். என்னோடு நின்ற இரண்டு பெண்களும் அதே மாதிரி குதிக்காமல் போட்டார்கள். ஒரு மாதமாகச் சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை.

கடைசியில் ஒரு பந்து உயரே வந்தது. எம்பியிருந்தால் எனக்கு.

எம்பவில்லை.

பதினாலுக்குப் பன்னிரண்டு. தோற்றோம். எங்கள் பன்னிரண்டில் எட்டு என்னுடையது. நின்ற இடத்திலிருந்து போட இந்தப் பெண்களுக்கு யார் பழக்கியது என்று இன்ஸ்பெக்ட்ரஸ் கேட்டார். மானேஜர் தொண்டையைக் கனைத்தார். நான்தான் என்றேன்.

அந்தப் பந்து இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

24 செப்டம்பர், சனி

உத்தரவு வந்தது. வேலை நிரந்தரம். அடியில் மானேஜர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருக்கிறார்: டிரில் ஆசிரியை இனிமேல் பந்தயங்களில் தானே இறங்கி விளையாடுதல் கூடாது. இவர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பந்தயத்தில்தானே என்றேன். தினமும் சாயங்காலம் பெண்களோடு விளையாடுவதற்குப் பந்தயம் என்றா பெயர்? இவர் சிரித்துவிட்டார்.

இன்று தொழுவத்தில் பந்து போட்டுக்கொண்டிருந்தேன். உலகு வளையத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நாளாக இப்படித்தான் நிற்கிறாள். திடீரென்று கையை விட்டாள். இரண்டு எட்டு வைத்தாள். விழுந்தாள்.

"ஓடிப் போய்ப் பிள்ளையைத் தூக்கு ஏட்டி," என்று அத்தை அடுக்களையிலிருந்து கத்தினார்கள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பந்தை அவள் பக்கமாக உருட்டிவிட்டேன். அதைப் பிடிக்க அவளே எழுந்தாள்.